கனடாவின் குலச்சின்னக் கம்பங்கள்: பழைய படங்கள் சொல்லும் சேதி

(கட்சிக் கிளையின் வாசகர் வட்டத்தில் ஆற்றிய உரை)



சுவரில் மாட்டியிருக்கும் முதல் படத்தைப் பாருங்கள். கடற்கரையில் வரிசையாகப் பலகை வீடுகள். வீடுகளின் முன்னே தென்னை உயரத்துக்கு மரக்கம்பங்கள். அண்டங்காக்கை, கரடி, திமிங்கிலம் என்று ஒன்றன்மேல் ஒன்றாகச் செதுக்கியிருக்கிறார்கள். கனடாவின் மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள தீவுகளில் ஹைடா மக்கள் வாழும் ஸ்கிடிகேட் கிராமம் இது. 1878-ல் ஜார்ஜ் டாஸன் எடுத்த படம்.

டாஸன் கலையைத் தேடி வந்தவரல்ல. கனடா சர்க்காரின் நிலவியல் சர்வே உத்தியோகஸ்தர். பாறையையும் நிலக்கரியையும் கணக்கெடுக்க வந்த கப்பலில் காமிராவும் வந்து சேர்ந்தது. அப்போதே அந்தத் தீவுகளில் பல வீடுகள் காலி. காரணம் என்ன? 1862-ல் விக்டோரியா துறைமுகத்தில் கப்பல் வழியே பெரியம்மை இறங்கியது. ஊருக்கு வெளியே முகாமிட்டிருந்த வடபகுதி மக்களுக்கு அதிகாரிகள் வைத்தியம் பார்த்திருக்கலாம். குடிசைகளைக் கொளுத்தி விரட்டினார்கள்! விரட்டப்பட்டவர்கள் நோயையும் சுமந்துகொண்டு ஊர் திரும்பினார்கள். கிராமம் கிராமமாக மடிந்தார்கள்.

இந்தக் கம்பங்களை விக்கிரகங்கள் என்றார்கள் பாதிரிமார்கள். அது தவறு. யாரும் அவற்றைக் கும்பிடவில்லை. எழுத்து வழக்கம் இல்லாத சமுதாயத்தில் ஒரு குடும்பத்தின் வரலாறும் உரிமையும் பொறித்த செப்பேடு அது. செடார் மரத்தை வெட்டி, பாரம் குறையப் பின்புறத்தைக் குடைந்து, வாச்சியால் செதுக்குவார்கள். வாயில் மென்ற சால்மன் மீன் முட்டையைக் குழைத்து வர்ணம் தீட்டுவார்கள். கம்பம் நாட்டும் நாளில் ‘பாட்லாட்ச்’ என்ற பெருவிருந்து. கூப்பிட்ட தலைவன் வந்தவர்களுக்கெல்லாம் பொருளை வாரிக் கொடுக்க வேண்டும். வந்தவர்கள்தான் அவன் உரிமைக்குச் சாட்சி. இதைப் பொதுவுடைமை என்று நாம் மயங்க வேண்டியதில்லை. அந்தச் சமுதாயத்தில் பிரபுக்களும் உண்டு, அடிமைகளும் உண்டு. ஆனால் சேர்ப்பதை விடக் கொடுப்பதே பெருமை என்ற வழக்கம் சர்க்காரின் கண்ணை உறுத்தியது. 1884-ல் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். இரண்டு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை!

இரண்டாவது படத்துக்கு வருவோம். அலர்ட் பே என்ற ஊரில் மாதாகோவில் மண்டபம். பெஞ்சுகளில் முகமூடிகளை வரிசையாக அடுக்கியிருக்கிறார்கள். 1921 டிசம்பரில் க்வாக்வாக்கவாக் மக்கள் வில்லேஜ் தீவில் ரகசியமாக விருந்து நடத்தினார்கள். 45 பேர் கைதானார்கள். முகமூடிகளையும் செப்புத் தகடுகளையும் ஒப்படைத்தால் தண்டனை இல்லை என்று பேரம்! மறுத்தவர்கள் ஜெயிலுக்குப் போனார்கள். அந்தப் படம் ஜப்தி செய்தவர்கள் தரப்பில் எடுத்தது. தங்கள் வெற்றிக்கு அடையாளம் என்று நினைத்தார்கள். இன்று பார்த்தால் அவர்களே எழுதிக் கையெழுத்திட்ட வாக்குமூலம் போலத்தான் இருக்கிறது.

1927-ல் இன்னொரு சட்டம். ஆதிக்குடிகள் தங்கள் உரிமை கோரி வழக்காடப் பணம் திரட்டுவதே குற்றம் என்றது. இரண்டே வருஷம் கழித்து, 1929-ல், நாஸ் நதிக்கரையில் நிஸ்கா மக்கள் வேட்டைக்கும் உணவு சேகரிக்கவும் போயிருந்த சமயம் மாரியஸ் பார்போ என்ற ஆராய்ச்சியாளர் சுமார் 36 அடி உயரக் கம்பம் ஒன்றை அகற்றி, ஸ்காட்லாந்தில் எடின்பரோ அருங்காட்சியகத்துக்கு விற்றார். முறையாக வாங்கியதே என்பது அருங்காட்சியகத்தின் நெடுநாளைய நம்பிக்கை. விற்க உரிமையுள்ளவர் எவரும் விற்கவில்லை என்பது நிஸ்கா மக்களின் வாதம். அன்று எந்த வக்கீலிடம் போவார்கள்? இரு தடைகளும் 1951-ல்தான் சட்டப் புத்தகத்திலிருந்து போயின.

2022-ல் நிஸ்கா தூதுக்குழு எடின்பரோவுக்கே போய்ப் பேசியது. திருப்பித் தர அருங்காட்சியகம் இசைந்தது. 2023 செப்டம்பரில் கம்பம் கனடா ராணுவ விமானத்தில் ஏறி நாஸ் பள்ளத்தாக்குக்குத் திரும்பியது.

தோழர்களே, இத்தகைய பழைய படங்களின் அடியில் ஊர் பெயர் இருக்கும், எடுத்தவர் பெயர் இருக்கும், வருஷம் இருக்கும். செதுக்கிய தொழிலாளியின் பெயர் பெரும்பாலும் இராது. ஆனால் இந்தக் கம்பம் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் உருவானது. வீரன் ஒருவனின் நினைவாக ஜோனா மூடி என்ற குடும்பத் தலைவி செய்வித்தது. செதுக்கியவர் ஓயே டெய்ட். நிஸ்கா மக்கள் அந்தப் பெயரை மறக்கவில்லை.