தீவைப் படிக்கும் ஆசிரியர்

அந்தமான் காடுகளில் புலி இல்லை, சிங்கமும் இல்லை. துள்ளித் திரியும் புள்ளிமான்கூட ஆங்கிலேயர் ஆட்சியில் கப்பலேறி வந்ததுதான். ஆயினும், பெருநிலத்தை மனத்திற்கொண்டு எழுதப்பட்ட பாடநூல்களே அத்தீவுப் பள்ளிகளில் வழங்கி வந்துள்ளன. பள்ளிக்கு அப்பால் சேற்றில் நிற்கும் கண்டல் மரத்தை அங்குள்ள நம் பிள்ளைகள் ஏட்டில் எங்ஙனம் காண்பர்?

இக்குறையை உணர்ந்தோருள் சென்னைப் பக்கத்தவரும் உண்டு. 1976-இல் மாமல்லபுரச் சாலையில் தோன்றிய முதலைப் பண்ணை அறக்கட்டளை, பின்னர்த் தெற்கு அந்தமானில் வண்டூர் அருகே ஒரு சுற்றுச்சூழல் நிலையம் கண்டது. அந்நிலையமும் கல்பவிருட்சம் என்னும் அமைப்பும் கூடித் தீவு ஆசிரியர்க்கென்றே ஒரு கையேடு உருவாக்கின. பயிற்சி முகாம்களும் நடைபெற்றன.

முகாம் என்றவுடன் கரும்பலகையும் சொற்பொழிவும் நினைவுக்கு வரலாம். எனக்கென்னவோ, கடல் வற்றும் வேளையில் ஆசிரியர்களே பாறைக் குட்டைகளைக் குனிந்து பார்ப்பதுதான் உண்மையான பாடம் என்று தோன்றுகிறது. கழிமுகங்களில் உவர்நீர் முதலை உலவும் ஊரில் இது வெறும் ஏட்டறிவன்று. பெற்றோருக்கும் அழைப்பு வருமாயின், ஒருநாள் வேலையை ஒதுக்கிவிட்டுச் செல்லுங்கள்.

2004 டிசம்பர் 26-இல் நிகழ்ந்த நிலநடுக்கத்தால் தெற்கு அந்தமான் நிலம் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது; சிப்பிகாட் வயல்களில் கடல் புகுந்து தங்கிவிட்டது. வடக்கிலோ நிலம் உயர்ந்து, பவளப் பாறைகள் வெயிலில் மடிந்தன. "எங்கள் வயலைவிட்டுக் கடல் ஏன் ஐயா திரும்பவில்லை?" என்று ஒரு சிறுவன் கேட்டால், பயிற்சி பெற்ற ஆசிரியர் அவனை அவ்வயலின் கரைக்கே அழைத்துச் சென்று விடை கூறுவார்.