பல்பைக் கழற்றினால் போதுமா?
(சங்கத்தின் ஆண்டு சந்திப்பில் ஆற்றிய உரை)



கார்புரேட்டரைப் பிரித்து மாட்டிப் பழகியவர்கள் நாம். இன்றைய கார் அப்படியல்ல. இன்ஜின், பிரேக், ஏர்பேக் ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு கம்ப்யூட்டர். முறுக்கிய இரண்டே கம்பிகளில் எல்லாம் பேசிக்கொள்கின்றன. 1986-இல் பாஷ் நிறுவனம் அறிமுகப்படுத்திய 'கேன்' முறை இது.

2023 டிசம்பர் மழைக்குப் பிறகு சென்னையில் ஒரு கார் என்னிடம் வந்தது. ஏர்பேக் விளக்கு அணையவே இல்லை. "விக்கப் போற வண்டிதானே சார், பல்பைக் கழட்டிடுங்க" என்றார் உரிமையாளர். "வாங்கறவர் வீட்லயும் குழந்தைங்க இருப்பாங்க இல்லையா?" என்று கேட்டேன். பதில் இல்லை. இன்னொரு பட்டறையில் புது மாட்யூல் போடச் சொல்லியிருந்தார்களாம்.

ஸ்கேனரை மாட்டினேன். மற்றவை பேசின, ஏர்பேக் மாட்யூல் மட்டும் மௌனம். மற்றவற்றில் யு0151 என்ற கோடு பதிவாகியிருந்தது. 'ஏர்பேக்கோடு தொடர்பு இல்லை' என்பதுதான் அதன் பொருள்; 'மாட்யூல் கெட்டுவிட்டது' என்பதல்ல. எல்லோரும் ஊமையானால் பொதுக் கம்பியைப் பாருங்கள். ஒருவர் மட்டும் ஊமையானால் அவருக்குச் சாப்பாடு போகிறதா என்று பாருங்கள்!

பேட்டரியைக் கழற்றி, மேனுவல் சொன்ன நேரம் காத்திருந்தேன். பேட்டரி போனாலும் வெடிக்கப் போதுமான மின்சாரம் மாட்யூலின் கெப்பாசிட்டரில் சற்று நேரம் இருக்கும். ஸ்கேனர் சாக்கெட்டின் 6, 14-ஆம் பின்களுக்கிடையே 60 ஓம். இரு முனைகளிலும் உள்ள 120 ஓம் ரெசிஸ்டர்கள் சரி என்று அர்த்தம்.

அடுத்து மாட்யூல் கனெக்டரைக் கழற்றி, பேட்டரியை மாட்டி, சப்ளைக்கும் எர்த்துக்கும் நடுவே அளந்தேன். மீட்டரில் 12 வோல்ட்! இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். மீட்டர் மின்சாரம் இழுப்பதில்லை. மோசமான இணைப்பும் நல்லது போலவே தெரியும். அதே இடத்தில் 21 வாட் பல்பைக் கொடுத்தேன். மின்மினி மாதிரி எரிந்தது. எர்த்தை விட்டுப் பாடியில் தொட்டால் பளிச்! குற்றவாளி எர்த் கம்பி.

கார்ப்பெட்டைத் தூக்கினால், ஈரத்தில் பூத்துப்போன எர்த் போல்ட். தண்ணீர் அதுவரைதான் ஏறியிருந்தது. மேலே இருந்த மாட்யூலும் கனெக்டரும் காய்ந்தே இருந்தன. நனைந்திருந்தால் மாற்றியே தீரவேண்டும். சுத்தம் செய்து முறுக்கியதும் மாட்யூல் பேசியது.

இளைய தோழர்களுக்கு ஒரு எச்சரிக்கை: ஏர்பேக்குக்குப் போகும் கம்பிகளில் மீட்டரோ பல்போ வைக்கவே கூடாது. அது வெடித்து விரிய மில்லி செகண்டுகள் போதும்.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: சாவி போட்டதும் அந்த விளக்கு சில விநாடி எரிந்து அணைய வேண்டும். அணையாவிட்டாலும் கோளாறு, எரியாவிட்டாலும் கோளாறுதான். பழைய கார் வாங்கும்போது, முதலில் இதைப் பாருங்கள். யாராவது பல்பைக் கழற்றியிருக்கலாம்.