பட்டியலின் கடைசிப் பெயர்

 

ஹாக்கி அணியைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். வாங்கிய கோப்பைகளைப் பற்றி நண்பர்கள் சொல்லிவிட்டார்கள். நான் ஒரு பட்டியலைப் பற்றிச் சொல்கிறேன்.

1986 ஜூன் மாதம். முதலாண்டில் சேர வந்த பையன்களுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் தேர்வு. வந்தவர்கள் 14 பேர், இடம் 4. பி.டி. சார் அன்று மெட்ராஸ் போக வேண்டியிருந்தது. "நீதானே கேப்டன், பசங்களை ஆட விட்டுப் பாத்து ரேங்க் போட்டு வைப்பா" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மாநிலச் சான்றிதழுக்கு இத்தனை, மாவட்டச் சான்றிதழுக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டேன். பிள்ளையார்பாளையத்திலிருந்து ஒரு நெசவாளர் வீட்டுப் பையன் வந்திருந்தான். வெறுங்கால், இரவல் மட்டை, கையில் ஒரு காகிதம் கிடையாது. பந்தைப் பறிகொடுத்த ஒவ்வொரு முறையும் ஓடி வந்து தற்காப்பில் நின்றவன் அவன் ஒருவன்தான். அதை நான் பார்த்தேன். ஆனால் அதற்கு என் தாளில் கட்டம் இல்லை. 14-ஆவது பெயராக எழுதிப் பலகையில் ஒட்டிவிட்டேன்.

மறுநாள் சார் படித்தார். கோபிக்கவில்லை. "பசங்களுக்கு ரேங்க் போடச் சொன்னா, அவங்க கொண்டுவந்த பேப்பருக்குப் போட்டிருக்கியேப்பா. போய் அந்தக் கடைசிப் பையனைக் கூட்டிட்டு வா" என்றார்.

போனேன். கோர்வைப் புடவை தறியில் இருந்தது. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். கரைக்குத் தனி நாடா. அப்பா நெய்ய, பக்கத்தில் உட்கார்ந்து இவன் கரை நாடாவைப் போட்டுக்கொண்டிருந்தான். ஹாக்கி மட்டையில் ஒரு பக்கம்தான் தட்டை. அதனால்தான் பந்தைத் தொடலாம். மட்டையைச் சட்டென்று புரட்ட மேல்கை மணிக்கட்டு பேச வேண்டும். அது அவனுக்கு எங்கிருந்து வந்தது என்று அங்கேதான் புரிந்தது.

"லிஸ்ட்ல கடைசிப் பேரைப் பாத்துட்டேண்ணா. அப்பாவும் முன்பணம் வாங்கிட்டாரு" என்றான். தலையை நிமிர்த்தவில்லை. அவன் வரவே இல்லை. நான் முதலிடம் கொடுத்த பையனோ தீபாவளிக்குப் பிறகு மைதானத்துப் பக்கமே வரவில்லை.

அமெரிக்காவில் கல்லூரி ஐஸ் ஹாக்கிக்கு வரும் பையன்களைச் சேருமுன்பே தரம் பிரித்து எழுதுகிறார்கள். அங்கும் கணக்கு தப்புகிறது. ஜோ பவெல்ஸ்கியை 2003-இல் தொழில்முறை அணிகள் 204 பேருக்குப் பிறகுதான் எடுத்தன. அவர் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்காக ஆடி 2006-இல் தேசியக் கோப்பை வென்றார். பிறகு தொழில்முறையில் 1,300 ஆட்டங்களுக்கு மேல் ஆடினார். அவருக்குக் கல்லூரி வாசல் திறந்திருந்தது. நம் பையனுக்கு நான் சாத்திவிட்டேன்.

நம் ஊர்களில் ஆளுக்குப் பஞ்சமில்லை. 2022-இல் ஜகார்த்தா ஆசியக் கோப்பையில் அரியலூர் கார்த்தியும் கோவில்பட்டி மாரீஸ்வரனும் இந்தியாவுக்கு ஆடினார்கள். வருஷக்கணக்கில் மைதானமும் பயிற்சியும் கிடைத்ததால் வந்தவர்கள். ஒரு காலை நேரத் தேர்வில் இவர்களைக் கண்டுபிடிக்க முடியுமா?

அதனால் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் சேர்க்கைக்கு முன் ஒரு வாரம் பயிற்சி முகாம் நடத்துவோம். மட்டை, காலணி, மதியச் சாப்பாடு நம் செலவு. சான்றிதழ்களை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, ஏழாம் நாள் ரேங்க் போடட்டும். சான்றிதழ் இல்லாமல் தேறும் இரண்டு பையன்களின் கட்டணத்தைச் சங்கம் ஏற்கட்டும். முதல் ஆண்டுச் செலவில் பாதி என்னுடையது.

அன்று நான் எழுதிய பட்டியலை இனித் திருத்த முடியாது. அடுத்த ஜூனில் எழுதப்போகும் பட்டியலைத் திருத்தலாம்.