விலாசமும் தலையெழுத்தும்

(வாலிபர் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



எனக்கு முன் பேசியவர்கள் கல்வியின் மேன்மையைப் பற்றி வெகு நேர்த்தியாகப் பேசினார்கள். நானோ பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவனல்ல. அச்சாபீசில் காகிதம் சுமந்துகொண்டே எழுத்துக் கூட்டிக் கற்றவன். ஆதலால் நான் கண்ட சங்கதியை மாத்திரம் சொல்லுகிறேன்.

சென்னையில் துரைப்பாக்கத்தையடுத்துக் கண்ணகி நகர் இருக்கிறது. 2000ஆம் ஆண்டு முதற்கொண்டு, பட்டணத்தின் ஆற்றோரங்களிலும் சாலையோரங்களிலும் குடிசை போட்டிருந்தவர்களை அங்கே கொண்டுபோய்க் குடியேற்றினார்கள். 15,000க்கு மேற்பட்ட வீடுகள். வீடு கிடைத்தது, வாஸ்தவந்தான். பிழைப்பு பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. பக்கத்திலேயே பழைய மகாபலிபுரம் சாலையில் கண்ணாடி மாளிகைகளாகக் கம்ப்யூட்டர் கம்பெனிகள் நிற்கின்றன. அவற்றில் கண்ணகி நகர்ப் பிள்ளைகள் நுழைவதில்லையா என்றால், நுழைகிறார்கள். பெரும்பாலும் தரை கூட்டவும் வாசலில் காவல் நிற்கவும்!

ஏன் என்று கேட்டால் தாய்மார்கள் தலையெழுத்து என்கிறார்கள். கையிலிருக்கும் காசையும் ஜோசியனிடம் கொடுத்துவிட்டு, பையனுக்குச் சனி விலகட்டும் என்று காத்திருக்கிறார்கள். சனி எங்கே இருக்கிறது தெரியுமா? விண்ணப்பத்தில் விலாசம் எழுதும் இடத்தில் இருக்கிறது! கண்ணகி நகர் என்று எழுதினால் கூப்பிடமாட்டார்களென்று துரைப்பாக்கம் என்று எழுதும் பிள்ளைகள் எத்தனை பேர்! 2025இல் பஹ்ரைனில் ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியில் அவ்வூர்ப் பெண் ஒருவர் இருந்தார். அன்று மாத்திரம் அந்த விலாசம் எல்லோர் வாயிலும் இனித்தது. அப்படியானால், தங்கம் வாங்காத பிள்ளை எங்கே போவது?

பிறரை ஏன் சொல்லவேண்டும்? சில வருஷங்களுக்கு முன் என் அச்சாபீசுக்கு ஒரு பையன் வேலை கேட்டு வந்தான். "எந்த ஏரியா?" என்றேன். சொன்னான். "பிறகு வா" என்றேன். வேலை காலியாகத்தான் இருந்தது. ஜாதி கேட்பவனை மேடையேறித் திட்டுகிற நான், ஜாதிக்குப் பதில் தெருவைக் கேட்டேன். அவன் திரும்பி வரவேயில்லை.

மேல்ஜாதி வீட்டுப் பிள்ளைக்கு ஆபீசில் ஒரு மாமா இருக்கிறார். எந்தப் பரீட்சை, எந்தத் தேதி, யாரைப் பார்ப்பது என்று அவர் சொல்லிவிடுகிறார். பிறகு அதற்குத் தகுதி, திறமை என்று பெயர் வைத்துக்கொள்ளுகிறார்கள்! நமது பிள்ளைக்கு மாமா பெயிண்ட் அடிக்கிறார். அவருக்கு என்ன தெரியும்?

சட்டமே இருக்கிறது, தோழர்களே. 1961ஆம் வருஷத்துத் தொழிற்பழகுநர் சட்டம். 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஸ்தாபனம், நூற்றுக்கு இரண்டரை முதல் 15 பேர் வரையில் பழகுநரை எடுத்தாகவேண்டுமென்று 2019இல் விதியைத் திருத்தினார்கள். ஐ.டி.ஐ.யில் எட்டாவது தேறியவன் ஒரு வருஷத்தில் வெல்டராகலாம். பத்தாவது தேறியவன் இரண்டு வருஷத்தில் பிட்டராகலாம். இதைக் கண்ணகி நகரில் வீடு வீடாகப் போய்ச் சொன்னவர் யார்? கோயில் திருவிழாவுக்கு நோட்டீஸ் வீடு தவறாமல் வருகிறது!

சொல்லிவிட்டால் மாத்திரம் போதாது. ஜாதிச் சான்றிதழில் அப்பன் பெயர் தப்பாயிருக்கும். அதைத் திருத்த மூன்று நாள் கூலியை விட்டு அலையவேண்டும். வேலை கிடைத்தாலோ, முதல் சம்பளம் வரும்வரை ஒரு மாதம் பஸ்ஸுக்கும் சோற்றுக்கும் என்ன செய்வது? நான் கண்டவரையில் பிள்ளைகள் வேலையை விட்டு ஓடுவது அந்த முதல் மாதத்தில்தான். உடனே சோம்பேறி என்கிறோம். பெண்களுக்கு 2021 முதல் சாதாரண நகரப் பஸ்ஸில் கட்டணமில்லை என்றார்கள், நல்லதுதான். ஆனால் இரவு ஷிப்டு முடிந்து வருகிற பெண்ணைத் தெருமுனையில் நின்று கேள்வி கேட்கிறவன் நம்மவன்தானே!

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அங்கே ஐ.டி.ஐ. விண்ணப்பம் எழுதிக் கொடுக்கப் போகிறோம். பிழையில்லாமல் எழுதத் தெரிந்த பத்துப் பேர் வேண்டும். தாலுகா ஆபீசுக்குக் கூட வந்து வரிசையில் நிற்க ஐந்து பேர் வேண்டும். அந்த மேசைமேல் நோட்டுப் புஸ்தகம் இருக்கிறது. பெயர் எழுதுகிறவர்கள் விலாசத்தையும் எழுதுங்கள்.