நாளைக்கு என்று எழுதியவை

பண்டத்தரிப்பில் எங்கள் வீட்டுத் திண்ணையில், ஓர் ஆணியில் கலண்டர் தாள்கள் குத்தியிருக்கும். ஐயா கமக்காரர். இரவுச் சாப்பாடு முடிந்ததும் ஒரு தாளின் பின்புறத்தில் மறுநாள் வேலைகளைப் பென்சிலால் எழுதுவார். முடிந்த வேலைக்கு ஒரு கோடு. முடியாதது அடுத்த தாளுக்குப் போகும்.

பொருள், கருவி, காலம், வினை, இடம் என்ற ஐந்தையும் மயக்கமின்றி எண்ணிச் செய்யும்படி வினைசெயல்வகை அதிகாரத்தில் வள்ளுவர் சொல்கிறார். அதைக் கற்பிக்கும்போது மாணவருக்கு நான் சொல்வதுண்டு: “கணக்குப் படித்தல் என்று எழுதாதையுங்கோ. மாலை ஐந்து மணி, முன்விறாந்தை மேசை, மூன்றாம் பயிற்சி என்று எழுதுங்கோ.” முன்னது வெறும் ஆசை; பின்னதே வேலை.

அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்கிளின் நாளின் 24 மணி நேரத்தையும் பகுத்து, 13 நற்பண்புகளுக்கு அட்டவணை போட்டுப் பழகியவர். அவற்றுள் ஒழுங்கு என்பதே தமக்கு மிகவும் தொல்லை தந்தது என்று தன்வரலாற்றில் ஒப்புக்கொள்கிறார். ஆகவே பட்டியல் பிழைத்துப்போனால் நாம் வெட்கப்பட வேண்டியதில்லை. ஆனால் ஏன் பிழைத்தது என்று பார்க்க வேண்டும்.

1995 ஒக்டோபர் 30. எனக்கு அப்போது 13 வயது. அன்றைய தாளில் நான்கு வரிகள் இருந்தன: சைக்கிள் ரியூபுக்கு ஒட்டுப் போட, வயலிற் களை பிடுங்க, குசினிக் கூரைக்கு ஓலை, அக்காவுக்குக் கடிதம். நான்காவது வரி பல மாதங்களாகத் தாளுக்குத் தாள் வந்துகொண்டிருந்தது. திருகோணமலையில் இருந்த மாமியோடு காணி விடயத்தில் ஐயாவுக்கு மனத்தாங்கல். எழுதத்தான் வேண்டும் என்பார், எழுதமாட்டார்.

அன்றிரவு மழைக்குள் எல்லோரும் தென்மராட்சிக்கு நடந்தோம். சாவகச்சேரியில் ஒரு பாடசாலை மண்டபத்தில் இருந்தபோது, மாமி காலமாகிவிட்டார் என்ற செய்தி பிந்தி வந்தது. 1996இல் வீடு திரும்பியபோது தாள்கள் நனைந்து ஒட்டிக்கிடந்தன. ஐயா மேலே இருந்ததை மெல்ல உரித்தெடுத்தார். மூன்று வரிகளுக்குக் கோடு கீறினார். அவை இனித் தேவைப்படா. நான்காவதைப் பார்த்தபடி இருந்தார். கோடு கீறவில்லை.

குறைவிட்ட வினையை, அணையாது விட்ட தீயோடு ஒப்பிடுகிறார் வள்ளுவர். அதன் பொருளை நான் உரைகளிற் படித்தது பின்னாளில். கண்டது அந்தத் திண்ணையில்.

இப்போது நானும் இரவில் எழுதுகிறேன். மூன்று நாள் தொடர்ந்து இடம் மாறிய வேலை எதுவோ, அது நான்காம் நாள் முதல் வரிக்கு வரவேண்டும் என்பது என் விதி. பெரும்பாலும் அது பெரிய வேலையாக இருப்பதில்லை. மனம் வராத வேலையாகவே இருக்கும்.

நேயர்களே, இன்றிரவு உங்கள் பட்டியலையும் ஒருமுறை பாருங்கள். நெடுநாளாக அங்கே குடியிருப்பது எந்த வரி?