கலைந்துபோகும் வகுப்பு



திருச்சி புனித வளனார் கல்லூரியில் 1950-களில் அப்துல் கலாமும் எழுத்தாளர் சுஜாதாவும் வகுப்புத் தோழர்கள். 2008-ல் சுஜாதாவும் 2015-ல் கலாமும் காலமானார்கள். எவ்வளவு பேர்பெற்ற வகுப்பும் ஒவ்வொருவராகக் கலைந்தே தீரும்.

நம் திருத்தங்கலிலும், புது வருடம் பிறந்தால், சிவகாசியில் அச்சான டைரியில் பழைய கல்லூரித் தோழர்களின் முகவரிகளைப் பெயர்த்து எழுதுகிறோம். வருடா வருடம் பெயர்கள் குறைகின்றன. இறந்த செய்தி வந்ததும் ஆன்ம இளைப்பாற்றிக்குப் பூசை ஒப்புக்கொடுக்கிறோம், நல்லதே. ஆனால் அவர் உயிரோடிருக்கையில் நலம் விசாரித்தோமா? பழைய மனத்தாங்கலைத் தீர்த்துக்கொண்டோமா?

மிஞ்சியிருக்கும் ஒரு தோழருக்காவது இன்றே இரண்டு வரி எழுதுவோம். இறந்தவருக்கு மன்றாட்டும், இருப்பவருக்குக் கடிதமும் நம் அன்பின் கடமைகளே.

இறைவன் நம்மை ஆசீர்வதிப்பாராக.