சிகிச்சை நிலையம் தேடும்போது கேட்கவேண்டிய கேள்விகள்

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற நலவியல் அரங்கில் ஆற்றிய உரை)



நீரிழிவு பற்றியோ மார்பகப் புற்றுநோய் பற்றியோ பேசலாம் என்றுதான் முதலில் எண்ணியிருந்தோம். ஆனால் ஒவ்வொரு ஒன்றுகூடலும் முடிந்து வெளியே வரும்போது, யாராவது ஒருவர் வைத்தியர்களாகிய எங்களை வாகனத்தடியில் மறித்து மெல்லக் கேட்பது வேறொரு கேள்வி. "எங்கட வீட்டில ஒருவர் இருக்கிறார். குடியை நிப்பாட்ட நல்ல இடம் ஒன்று சொல்லுங்கோ." வாகனத்தடியில் கேட்கப்படும் அந்தக் கேள்வியை இன்று மண்டபத்துக்குள் கொண்டுவந்திருக்கிறோம்.

எங்களுடன் ஒரே வாங்கில் இருந்து படித்த தோழி ஒருத்தி, சில வருடங்களுக்கு முன் வெளிநாட்டிலிருந்து ஓர் இரவு அழைத்தாள். ஊரில் இருக்கும் தம்பி நாள் முழுவதும் குடிக்கிறான். உறவினர் ஒருவர் தூரத்தில் ஓர் இடம் சொல்கிறார். மூன்று மாதப் பணத்தை முன்கூட்டியே கட்டவேண்டும். அவளுடைய அம்மா கேட்டது ஒன்றே ஒன்று: "அங்க எங்கட ஊர் ஆக்கள் ஒருத்தரும் இல்லைத்தானே?" நாங்களும் அதைச் சரியென்றே எண்ணினோம். அங்கே வைத்தியர் இருக்கிறாரா, தம்பி கடைசியாக எப்போது குடித்தான் என்று கேட்கவில்லை. இரண்டாம் நாள் இரவு அவனுக்கு வலிப்பு வந்தது. அங்கே தாதிகூட இல்லை. யாரோ முச்சக்கரவண்டியில் ஏற்றி அரசாங்க வைத்தியசாலையில் சேர்த்ததால் உயிர் தப்பினான். படித்த நாங்களே கேட்க மறந்த கேள்விகளைத்தான் இங்கே சொல்லப்போகிறோம்.

முதலாவது கேள்வி, நிறுத்தும் நாட்களில் பார்த்துக்கொள்ள அங்கே வைத்தியர் உண்டா என்பது. நெடுநாள் கடுமையாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் சில மணித்தியாலங்களில் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் மனக்குழப்பமும் இல்லாதவை கண்ணுக்குத் தெரிவதும் ஏற்படலாம்; கவனிக்காவிட்டால் அது உயிரையும் பறிக்கும். உரிய மருந்தும் தயமின் எனப்படும் உயிர்ச்சத்து பி1 உம் கொடுத்தால் பெரும்பாலும் தவிர்க்கலாம். நித்திரைக் குளிசைகளை நெடுநாள் எடுத்தவர் சட்டென நிறுத்தினாலும் வலிப்பு வரலாம். ஆகவே இத்தகையவர்களுக்கு முதலில் தேவைப்படுவது வைத்தியசாலைக் கட்டில். புனர்வாழ்வு நிலையம் அதற்குப் பிறகுதான்.

இரண்டாவது, அனுமதிப்பத்திரம் உண்டா என்பது. போதைப்பொருளுக்கு அடிமையானோருக்கான சிகிச்சை நிலையங்களை ஒழுங்குபடுத்த 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்ற இலக்கத்துக்கு அழைத்து விசாரிக்கலாம். தலங்கம, கண்டி, காலி, நிட்டம்புவப் பகுதிகளில் சபை தானே நிலையங்களை நடத்தி வந்திருக்கிறது. தேசிய மனநல நிறுவகத்தின் உதவி இலக்கம் 1926.

மூன்றாவது, மனந்திறந்து பேச அங்கே தமிழில் ஆள் உண்டா என்பது. இந்த நோய்க்கான சிகிச்சையிற் பெரும்பகுதி பேச்சுத்தான். ஐஸ் எனப்படும் போதைப்பொருளிலிருந்து மீள்பவருக்கு, அந்த நாட்டத்தையே தீர்க்கும் நிலைபெற்ற மருந்து இன்னும் இல்லை, உளவளத்துணையே முதன்மையானது. விளங்காத மொழியில் நடக்கும் குழுக்கூட்டத்தில் மூன்று மாதம் குந்தியிருப்பவன் என்ன பெறுவான்?

நான்காவது, அவரைப் பார்க்கவும் பேசவும் விடுவார்களா என்பது. முதற் சில நாட்கள் கட்டுப்பாடு இருக்கலாம். ஆனால் ஒருபோதும் தனியே சந்திக்க விடாத இடம், அடித்துத் திருத்துகிறோம் என்று பெருமை பேசும் இடம், கட்டி வைக்கும் இடம், நூற்றுக்கு நூறு குணமாகும் என்று உத்தரவாதம் தரும் இடம் ஆகியவற்றின் வாசலிலிருந்தே திரும்பி வாருங்கள்.

ஐந்தாவது, வீடு திரும்பிய பின் என்ன ஏற்பாடு என்பது. இதைக் கேட்பவர்கள் மிகக் குறைவு. சில வாரங்கள் ஹெரோயின் இல்லாமல் இருந்தவரின் உடல் பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்துவிடும். வெளியே வந்து பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். திரும்பி வரும் அந்த நாட்களே மிக ஆபத்தானவை. மூன்று மாதத்துக்குக் குறைந்த சிகிச்சை பெரும்பாலும் போதாது. அந்த மூன்று மாதமும் உள்ளேயே இருக்கவேண்டும் என்பதல்ல. கிளினிக்குக்கு ஒழுங்காக வந்துபோவதும் சிகிச்சையே. பலருக்கு அதுவே போதும்.

ஆகையால் தேடலை அருகிலிருந்து தொடங்குங்கள். தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருப்பதுபோல, உங்கள் மாவட்ட அரசாங்க வைத்தியசாலைகளிலும் மனநலப் பிரிவு எங்கே என்று விசாரியுங்கள். அங்கே கட்டணம் இல்லை. கொழும்பில் இருப்போருக்குச் சுமித்ரயோ அமைப்பின் 'மெல் மெதுர' உண்டு. சென்னைக்குக் கூட்டிச் செல்ல எண்ணுவோர் ரி.ரி.கே. மருத்துவமனை பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். குடியினால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கியது அது. தன் வீட்டுத் துயரை மறைக்காமல், பிறருக்கு வழியாக்கிய பெண் அவர்.

இன்னும் ஒன்று. "அவருக்குத் தெரியாமல் கறியில் கலந்து கொடுங்கள்" என்று விற்கப்படும் தூள்களை வாங்காதீர்கள். டைசல்பிராம் என்ற மாத்திரையை அறியாமல் உட்கொண்டவர் மேலே மது அருந்தினால், இரத்த அழுத்தம் வீழ்ந்து உயிராபத்து நேரலாம். அவரது சம்மதத்துடனும் வைத்தியரின் மேற்பார்வையிலும் மட்டுமே கொடுக்கவேண்டிய மருந்து அது.

கணவர், தம்பி, மகன் என்றே பேசிவந்தோம். ஆனால் நித்திரை வராமல் ஒரு குளிசையில் தொடங்கி இன்று அது இல்லாமல் இருக்கமுடியாதவர்கள் நம்முள்ளும் இருக்கிறார்கள். இரவில் தனியே குடிப்பவர்களும் இருக்கிறார்கள். பெண்களுக்குத் தனி இடமும் பெண் உளவளத்துணையாளரும் உண்டா என்று கேட்பது அவர்களுடைய உரிமை.

அந்தத் தம்பியைப் பற்றிச் சொல்லாமல் முடிக்கக்கூடாது. வைத்தியசாலையில் தேறிய பின், வீட்டிலிருந்து பேருந்தில் போய்வரக்கூடிய கிளினிக்கிலேயே தொடர்ந்தான். இடையில் இரண்டு முறை மீண்டும் குடித்தான். மீண்டும் வந்தான். நீரிழிவுக்காரருக்குச் சீனி ஏறினால் நாம் கைவிடுவதில்லையே, இதுவும் அப்படித்தான். ஊர் ஆக்கள் கண்டுவிடுவார்களே என்று பயந்த அந்த அம்மாதான் மாதந்தோறும் அவனுடன் வரிசையில் இருந்தார். அங்கே ஊர் ஆக்கள் நான்கைந்து பேர் ஏற்கெனவே இருந்தார்களாம்.

அவள் வெளிநாட்டிலிருந்து அழைக்கும்வரை, அவள் வீட்டில் இப்படி ஒரு துன்பம் ஆறு வருடமாக இருந்ததை நாங்கள் அறியவில்லை. ஒவ்வொரு ஒன்றுகூடலிலும் அவளுடன் படம் எடுத்திருக்கிறோம். "வீட்டில் எல்லாரும் சுகம்தானே?" என்று கேட்டுவிட்டு, பதில் வருமுன்னரே அடுத்தவரிடம் போயிருக்கிறோம்.

இன்று தேநீர் வேளையில் அந்தக் கேள்வியைக் கேட்டால், பதில் வரும்வரை சற்று நில்லுங்கள்.